ஒட்டடை என்று நான் அழித்த புள்ளிகள்

என் ஆசை அண்ணன் முருகையனுக்கு,

சுமதி எழுதுகிறேன். நலமா என்று கேட்டு ஆரம்பிக்கத்தான் கை போனது, அப்புறம் நின்றுவிட்டது. நலமாக இருக்கிற இடத்துக்கா உன்னை அனுப்பி வைத்தேன்?

செத்தவனுக்குக் கடிதம் எழுதுகிறாள் பார், படித்த கிறுக்கு என்று ஊர் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும். ஏழு மாதமாக உன்னைப் பற்றி நாலு பேர் நடுவில் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அதற்குப் பதிலையும் நாலு பேர் கேட்கத்தான் சொல்ல வேண்டும். அதனால்தான் இதை எழுதிப் பெட்டிக்குள் வைக்காமல், யார் வேண்டுமானாலும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. குறுவை அறுத்தாயிற்று. புரட்டாசி மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லுக்குத் தார்ப்பாய் போட்டுவிட்டு சனங்கள் வானத்தைப் பார்த்தபடி கிடக்கிறார்கள். நீ குத்தகைக்குப் பிடித்திருந்த மூன்று மா நிலத்தையும் அம்மா விடவில்லை. "அவன் புடிச்ச நெலம், நான் இருக்கிற வரைக்கும் உழுவேன்" என்று சொல்லி, வரப்பில் ஒற்றை ஆளாக நின்று அறுக்கவைத்தாள். மெஷின் வந்து அறுத்த சத்தத்தில் அவள் அழுதது யாருக்கும் கேட்டிருக்காது.

உன் மகள் இனியா ஆறாம் வகுப்பு போகிறாள். உன்னைப் போலவே கீழுதட்டைக் கடித்துக்கொண்டு கணக்குப் போடுகிறாள். வளர்மதி அண்ணி மறுபடியும் நடவு, களை என்று வயல் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அண்ணியை நீ சேற்றில் இறங்கவிட்டதில்லை. அதையும் இப்போது பார்க்கிறேன்.

இனி அசல் சேதிக்கு வருகிறேன். வரும் திங்கட்கிழமை தஞ்சாவூரில் விசாரணை, என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பழைய அரிசி மில்லில் உத்திரம் விழுந்து நீ போனதற்கும், உன்னோடு வேலை செய்த துரைக்கண்ணுவுக்குக் கால் போனதற்கும் காரணம் மேஸ்திரி முருகையனின் கவனக்குறைவு, முட்டுக் கொடுக்காமல் சுவரை எடுத்துவிட்டார் என்று எல்லாரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். "என் வரைபடம் சரியாகத்தான் இருந்தது" என்று நான் ஒரு வரி சொல்லிக் கையெழுத்துப் போட்டால் போதும், கோப்பை மூடிவிடுவார்கள். உன் பெயரும் அந்தக் கோப்புக்குள் அப்படியே போய்விடும்.

வரைபடம் சரியாக இல்லை அண்ணே. தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் படிக்கிறவர்களுக்குப் புரிய வேண்டுமே, அதனால் கொஞ்சம் பொறு. என் வேலை கட்டடங்களை லேசர் ஸ்கேன் செய்வது. முக்காலியில் ஒரு பெட்டியைப் பொருத்தி நடுவில் வைத்தால், அது தன்னைத் தானே சுற்றி நாலாபக்கமும் ஒளியை வீசும். ஒளி எங்கே பட்டுத் திரும்புகிறதோ அந்த இடத்தை ஒரு புள்ளியாகக் குறித்துக்கொள்ளும். இப்படிக் கோடிக்கணக்கில் புள்ளிகள் சேர்ந்ததும், கம்ப்யூட்டரில் சுவர், தூண், கூரை எல்லாம் புள்ளியாலேயே எழுந்து நிற்கும். அதன் மேல் கோடு போட்டு, கட்டடம் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று வரைபடம் எடுத்துக் கொடுப்பேன். அதை நம்பித்தான் பொறியாளர் கணக்குப் போடுவார், மேஸ்திரி கடப்பாரையை எடுப்பார்.

நீ அந்தப் பெட்டிக்கு ராட்டினம் என்று பெயர் வைத்தாய். டீக்கடையில் நீ அடித்த பெருமை கொஞ்சமா?

"எந்தங்கச்சி ராட்டினத்தை வச்சா செவுத்துக்குள்ள போற எறும்பு கூட தெரிஞ்சிடும்."

"செவுத்துக்குள்ள எல்லாம் தெரியாதுண்ணே, மேலாப்புலதான் தெரியும்" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"சும்மா இரு. டீக்கடைக்கு உண்மை எதுக்கு?" என்று கடையையே சிரிக்கவைத்தாய்.

அந்த மில் வேலை வந்தபோது நம் வீட்டில் யாரும் சாதாரணமாக இல்லை. பாபநாசத்துக்கு இந்தப் பக்கம், சாலையோரம் பூட்டிக் கிடந்த அந்த மில்லில்தான் அம்மா இருபது வருஷம் நெல் அவித்துக் காயவைத்தாள். முதலாளியின் மகன் சிங்கப்பூரில் இருக்கிறார், மில்லைக் கல்யாண மண்டபமாக மாற்றப்போகிறேன் என்றார். பழைய சுவர்களும் உத்திரங்களும் அப்படியே தெரிய வேண்டும், அதுதான் இப்போது அழகு என்று போனில் சொன்னார். ஸ்கேன் வேலை எனக்கு, கட்டுமான வேலை உனக்கு. "அம்மா களத்தோட நின்ன மில்லு. நாம உள்ள பூந்து இடிச்சுக் கட்டப்போறோம், பாத்தியா" என்று நீ சொன்னபோது உன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அம்மா மட்டும் முகத்தைச் சுளித்தாள். "அங்கயாடா கல்யாணம் பண்ணுவாங்க? பொண்ணு மாப்ள தொண்டையில உமி சிக்கும்டா."

ஸ்கேன் செய்த நாள் ஞாபகம் இருக்கிறதா? நடுக்கூடத்தை இரண்டாகப் பிரித்துக் குறுக்கே ஒரு சுவர். ஒரு பக்கம் மெஷின் ஓடிய இடம், மறுபக்கம் தவிட்டு அறை. மண்டபத்துக்குக் கூடம் முழுசாக வேண்டும், அதனால் அந்தச் சுவர் போக வேண்டும். அதற்கு நேர் மேலே இரண்டாவது உத்திரம், வருஷக்கணக்காக நெல் அவித்த அடுப்புப் புகை குடித்து அட்டைக் கரியாக இருந்தது. உத்திரம் முழுக்க ஒட்டடை, அதில் உமி சிக்கிச் சிக்கி முழ நீளத்துக்குத் தொங்கியது.

"மெஷின் சுத்தறப்ப வெளியில நில்லுண்ணே" என்று எத்தனை தடவை சொன்னேன். நீ கேட்டால்தானே. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு குறுக்கே குறுக்கே நடந்தாய். "என்னையும் படம் புடிக்கட்டும், என்ன கொறஞ்சு போவுது" என்றாய். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லா இடத்திலும் நீ வந்து நின்றால் உன்னை உட்கார்ந்து அழிக்கிற வேலை எனக்குத்தானே என்று கத்தினேன். அந்த வார்த்தையை இன்றைக்கு நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஸ்கேன் எடுத்தபின் முதல் வேலை சுத்தம் செய்வது. குறுக்கே நடந்த ஆள், பறந்த புறா, காற்றில் மிதந்த தவிட்டுத் தூசி, எல்லாம் புள்ளியாக விழுந்திருக்கும். கட்டடம் அல்லாத எதுவும் வரைபடத்துக்கு ஆகாது. அதனால் வட்டம் போட்டு வட்டம் போட்டு அழித்துக்கொண்டே வருவோம். நீ ஏழு இடத்தில் நின்றிருந்தாய். ஏழையும் அழித்தேன்.

அப்புறம் இரண்டாவது உத்திரத்துக்கு வந்தேன். கரி பிடித்த கறுப்புப் பரப்பில் லேசர் பட்டால் ஒளி சரியாகத் திரும்பாது, அது பழைய தொல்லைதான். உத்திரத்தின் இரண்டு முனையிலும் புள்ளிகள் திருத்தமாக இருந்தன. நடுவில் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி, கொஞ்சம் கீழே தொங்கின. பார்த்ததுமே முடிவு கட்டிவிட்டேன், ஒட்டடை என்று.

சென்னையில் நான் வேலை கற்றுக்கொண்ட அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. சந்தேகமான புள்ளியை அழிக்காதே, குறித்து வை, திரும்பப் போய்ப் பார். அங்கே இருந்த பிள்ளைகள் யாருக்கும் மில் என்றால் என்னவென்றே தெரியாது. அவர்களாக இருந்தால் இது என்ன என்று கேட்டிருப்பார்கள். எனக்குத்தான் தெரியுமே! நான் மில் களத்தில் காக்காய் விரட்டி வளர்ந்தவள். மில் ஒட்டடை எப்படித் தொங்கும் என்று எனக்கா பாடம் நடத்த வேண்டும்? அந்தத் திமிரோடு வட்டம் போட்டேன். அழித்தேன். இரண்டு முனையையும் சேர்த்து நேராக ஒரு கோடு இழுத்தேன்.

கோடு நேராக வந்ததும் சுவரின் தலைக்கும் உத்திரத்துக்கும் நடுவில் நாலு விரற்கடை இடைவெளி வந்துவிட்டது. படத்தில் அப்படித்தான் போட்டேன். அதாவது, அந்தச் சுவர் எதையும் தாங்கவில்லை, சும்மா தடுப்புக்கு நிற்கிறது, தாராளமாக எடுக்கலாம். மில்லுக்கு ஒரு நடை திரும்பப் போயிருக்கலாம் அண்ணே. என் அலுவலகத்திலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். போகவில்லை.

உள்ளபடிக்கு நடந்தது வேறு. உத்திரம் என்றைக்கோ நடுவில் தொய்ந்து, அந்தச் சுவரின் மேல் உட்கார்ந்துவிட்டது. ஒட்டடை என்று நான் அழித்ததில் பாதிக்கு மேல் மரம்.

உனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. அதுதான் என்னை இன்றைக்கு வரைக்கும் தூங்கவிடாத விஷயம். மாசி மாதம், நல்ல வெயில் ஏறின மத்தியானம், சாரத்தின் மேல் நின்றுகொண்டே போன் செய்தாய்.

"ஏய் சுமதி, செவுரு தலையில உத்திரம் ஒட்டுன மாதிரில்ல இருக்கு? நீ எடைவெளின்னு போட்டிருக்க?"

நான் அப்போது இன்னொரு வேலையில் இருந்தேன். சாவகாசமாகச் சொன்னேன். "அது எலிக்கு அடைச்ச பூச்சுண்ணே. மில்லுல எலியும் புறாவும் பூந்துடாம இருக்க சந்து பொந்தெல்லாம் சுண்ணாம்பு வச்சு அடைச்சிடுவாங்க, உனக்குத் தெரியாதா? தைரியமா எடு."

"அப்ப முட்டு வேணாங்கற?"

"நிக்கிற செவுரே எதையும் தாங்கலங்கறேன், முட்டு எதுக்குண்ணே?"

சிரித்தாய். போனை வைத்துவிட்டாய்.

மேல் வரியில் நாலைந்து கல் எடுப்பதற்குள் உத்திரம் ஒடிந்து கீழே வந்துவிட்டது என்று சொன்னார்கள். நீ சாரத்தோடு போனாய். வெளியே கல் கொட்டிவிட்டு அப்போதுதான் உள்ளே வந்த துரைக்கண்ணுவின் வலது கால் முட்டிக்குக் கீழே நசுங்கிப்போனது. நான் வந்து சேர்ந்தபோது உன்மேல் ஒரு பழைய வேட்டியைப் போர்த்தியிருந்தார்கள். வாசலில் நின்றவர்கள் அப்போதே பேச ஆரம்பித்திருந்தார்கள்.

"மேஸ்திரிக்கு அவசரம்."

"ஒரு ஜாக்கி குடுத்திருந்தா ரெண்டு குடும்பம் பொழச்சிருக்கும்."

நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு அதிர்ச்சி என்று சொல்லிக்கொண்டேன். மறுநாள் துக்கம் என்று சொல்லிக்கொண்டேன். கருமாதி முடியட்டும் என்றேன். அப்புறம் எதையும் சொல்லிக்கொள்ளவில்லை, பேசாமல் இருந்துவிட்டேன். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். இந்த ஊர் வாயை நான் ஒரு வார்த்தையில் மூடியிருப்பேன்.

கருமாதிக்கு மூன்றாம் நாள் துரைக்கண்ணுவின் மனைவி அஞ்சலை நம் வாசலுக்கு வந்தது. கால் எடுத்தாக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன நாள் அது. செருப்பில்லாமல், தலைவிரி கோலமாகத் தெருவில் நின்று கத்தியது.

"எம்புருசனை நொண்டியாக்கிட்டு நீ மட்டும் போயி சேந்துட்டியேடா பாவி! ஒரு முட்டு குடுக்க வக்கில்ல, நீயெல்லாம் மேஸ்திரியா? உன் வம்சம் வெளங்குமா?"

குனிந்து இரண்டு கையிலும் மண்ணை வாரி நம் வாசலை நோக்கித் தூற்றியது. மூன்று தடவை. அண்ணி நிலைப்படியில் நின்றார். நகரவில்லை, முகத்தைக்கூட மூடிக்கொள்ளவில்லை. மண் அவர் தலையிலும் இனியாவின் பள்ளிக்கூடச் சட்டையிலும் விழுந்தது. பிள்ளை "அப்பா என்ன பண்ணுச்சு?" என்று கேட்டுக் கதறியது. நான் அண்ணிக்குப் பின்னால், வீட்டுக்குள், கதவு நிழலில் நின்றுகொண்டிருந்தேன். என் மேல் ஒரு பொட்டு மண் படவில்லை அண்ணே.

எதற்குப் பயந்தேன் என்று நீ கேட்பாய். சொல்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது? கேஸ் என் மேல் வரும். இந்தத் தொழில் போகும். அம்மா களத்தில் வெந்து படிக்கவைத்த படிப்பு ஒன்றுமில்லாமல் போகும். இதெல்லாம் உண்மை. ஆனால் இதற்கெல்லாம் மேலே ஒன்று இருந்தது. அம்மாவுக்கு முன்னால் நின்று, "உன் பிள்ளையைக் கொன்றது உன் பெண்" என்று எப்படிச் சொல்வது? அவளுக்கு இருப்பது இரண்டு பேர். ஒருவன் போய்விட்டான், மிச்சம் இருப்பவளும் இப்படி என்று தெரிந்தால் அவள் எந்தப் பக்கம் சாய்வாள்?

விசாரணைக் கடிதம் வந்த மறுநாள் அந்த வேலையின் மூலக் கோப்பைத் திறந்தேன். சுத்தம் செய்த கோப்பு வேறு, மெஷின் எடுத்தபடியே இருக்கும் மூலக் கோப்பு வேறு. அழித்ததெல்லாம் மூலத்தில் அப்படியே இருக்கும். ஏழு மாதமாக அதைத் தொட எனக்குத் துணிவில்லை.

அதில் நீ இருந்தாய். இரண்டாவது உத்திரத்துக்கு நேர் கீழே, இடுப்பில் கை வைத்துக்கொண்டு. மெஷின் சுற்றி வருவதற்குள் நகர்ந்துவிட்டாய் போலிருக்கிறது, பாதி உடம்புதான் விழுந்திருந்தது. முகம் மேலே பார்த்திருந்தது. நான் திரையை அணைத்துவிட்டு அலுவலகத்துக் கக்கூஸில் போய் உட்கார்ந்து அழுதேன். வேறு எங்கே போய் அழுவது?

திரும்பி வந்து உத்திரத்தைப் பார்த்தேன். இந்தத் தடவை ஒன்றையும் அழிக்காமல், ஒவ்வொரு புள்ளியாகப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தேன். ஒட்டடை காற்றில் ஆடும், ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறு இடத்தில் விழும். மரம் ஆடாது. மெஷினை நாலு இடத்தில் வைத்து எடுத்திருந்தேன் அல்லவா, நாலிலும் நடுப்பகுதிப் புள்ளிகளில் ஒரு வரிசை மட்டும் அதே இடத்தில், அதே வளைவில் விழுந்திருந்தது. முனையிலிருந்து மெல்ல இறங்கி, சுவரின் தலையில் போய் உட்காருகிறது. சின்னப் பிள்ளைக்குக் காட்டினாலும் இது வளைந்த கட்டை என்று சொல்லிவிடும். ராட்டினம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. கேட்கிற காது எனக்கு இல்லை.

நேற்று முற்பகல் நம் வீட்டுக்குப் போனேன். அம்மா வயலுக்குப் போயிருந்தாள். அண்ணி கொல்லையில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் குந்தினேன்.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

எல்லாவற்றையும் சொன்னேன். ஒட்டடை, நேர்க்கோடு, நாலு விரற்கடை, ஒன்று விடாமல். அண்ணி என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை, அடிப்பிடித்த சோற்றுக் குண்டானைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார். போன் விஷயத்துக்கு வந்தேன். "அன்னைக்கு மத்தியானம் அண்ணன் போன் பண்ணிச்சு அண்ணி..." என்று இழுத்தேன்.

"அன்னைக்கு அவருக்குச் சோறு கொண்டு போனது யாரு?" என்று கேட்டார்.

"நீங்க."

"சாரத்துக்குக் கீழதான் நின்னேன். கையெல்லாம் சுண்ணாம்புன்னு போனை ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுனாரு. எலிக்கு அடைச்ச பூச்சு, தைரியமா எடுன்னு நீ சொன்னது எனக்கும்தான் கேட்டுது."

அண்ணே, உனக்கு இது தெரியும். அண்ணி அங்கே நின்றது உனக்குத் தெரியும். எனக்குத்தான் ஏழு மாதமாகத் தெரியாது. நான் தின்ற ஒவ்வொரு வாய் சோற்றையும் அந்த வீட்டில் பரிமாறியது அந்தக் கைதான். "இன்னும் கொஞ்சம் வச்சுக்க" என்று சொன்னதும் அந்த வாய்தான்.

"ஏன் அண்ணி யார்கிட்டயும் சொல்லல? அஞ்சலை மண்ணை வாரித் தூத்துனப்பகூட பேசாம நின்னீங்களே?"

"நான் சொன்னா, புருசனைக் காப்பாத்த நாத்தனார் மேல பழி போடுறான்னு ஊரு சொல்லும். அத்தைக்கு உசிரு நீ ஒருத்திதான். அத நான் எடுத்துட்டேன்னு ஆயிடும்." குண்டானைக் கழுவிக் கவிழ்த்தார். "நீயா வந்து சொல்லுவன்னு பாத்தேன். கருமாதி அன்னைக்குப் பாத்தேன். மண்ணு விழுந்த அன்னைக்கு, இப்ப வெளியில வருவ, இப்ப வருவன்னு பாத்தேன். அதுக்கப்பறம் பாக்கறத விட்டுட்டேன்."

நான் அவர் காலைத் தொடப்போனேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"அதெல்லாம் வேணாம். மன்னிப்பு கின்னிப்புன்னு எங்கிட்ட கேக்காத சுமதி, எனக்கு வரல. வந்தா சொல்றேன். போயி எங்க சொல்லணுமோ அங்க சொல்லு. சொல்லிட்டு இந்த வாசப்படி ஏறு. அது வரைக்கும் இங்க வராத."

எழுந்தேன். கொல்லைக் கதவைத் திறக்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார். திரும்பினேன். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"போனை வச்சிட்டு அவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'முட்டு ஒண்ணு வச்சுக்கிட்டு எடுங்களேன்'னு நான்தான் கீழேருந்து சொன்னேன். 'எந்தங்கச்சி சொல்லிட்டாடி, அதுக்கு மேல அப்பீலே கெடையாது. நீ சோத்தை வச்சிட்டுப் போ, இந்த ஒரு வரியை எடுத்துட்டு வந்துடறேன்'னாரு. நான் ரோட்டுக்கு வரல, அதுக்குள்ள சத்தம் கேட்டுது."

இதைச் சொல்லும்போதுதான் அண்ணி அழுதார். ஏழு மாதத்தில் அவர் அழுது நான் பார்த்தது நேற்றுத்தான்.

அண்ணே, மேலே பார்த்தவன் நீ. சந்தேகப்பட்டவன் நீ. கேட்டவன் நீ. கூடப் பிறந்தவள் சொன்னாள் என்ற ஒரே காரணத்துக்காக உன் கண்ணையே நம்பாமல் விட்டாயே. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "போடி லூசு" என்று என்னைத் திட்டியிருக்கக் கூடாதா?

சரி, அழுதது போதும். நான் செய்யப்போவதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். மூலக் கோப்பை மூன்று பிரதி எடுத்துவிட்டேன். ஒன்று விசாரணை அதிகாரிக்கு, ஒன்று சிங்கப்பூர்க்காரருக்கு, ஒன்று வக்கீலுக்கு என்று அனுப்பியும் விட்டேன். இனி நானே நினைத்தாலும் அழிக்க முடியாது. இன்று சாயங்காலம் அம்மாவிடம் சொல்லப்போகிறேன். அவள் என்னை அடிக்கட்டும், விரட்டட்டும், பேசாமல் போகட்டும், அது அவள் பாடு. வீட்டுக்குள் வரக்கூடாது என்று அண்ணி சொல்லிவிட்டதால் வயலிலேயே போய்ச் சொல்வேன்.

நாளை ஞாயிற்றுக்கிழமை, தெருவில் எல்லாரும் இருக்கிற நேரம் பார்த்து அஞ்சலை வீட்டுக்குப் போவேன். துரைக்கண்ணு கட்டிலில் இருப்பார். அவர் கால் போனதற்கு நான்தான் காரணம், எங்கள் அண்ணன் இல்லை என்று தெருவில் நின்று சத்தமாகச் சொல்வேன். அஞ்சலை குனிந்து மண்ணை வாரினால் நான் ஒதுங்கமாட்டேன். இந்தத் தடவை எனக்கு முன்னால் யாரும் நிற்கமாட்டார்கள்.

திங்கட்கிழமை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. உள்ளே வைப்பார்களோ, வெளியே விடுவார்களோ. மறுபடியும் அந்தப் பெட்டியைத் தொட என்னை யாராவது விடுவார்களா, விட்டாலும் என் கை போகுமா, அதுவும் தெரியாது. ஒன்று மட்டும் உனக்கு வாக்காகத் தருகிறேன். என்ன கேள்வி கேட்டாலும், யார் சொல்லிக்கொடுத்தாலும், என் வாக்குமூலத்தின் முதல் வரி இதுதான். எழுதிப் பைக்குள் வைத்துக்கொண்டுவிட்டேன்:

"மேஸ்திரி முருகையன் முட்டுக் கொடுக்க மறக்கவில்லை. வேண்டுமா என்று என்னிடம் கேட்டார். வேண்டாம் என்று சொன்னவள் நான்."

நீ நம்பிய, உன் கூடப் பிறந்த தங்கச்சி,
சுமதி